முழங்காலருகே எலும்பு முறிவும் மென்திசுக் காயமும்

கால் முறிந்தது என்னும் செய்தி கேட்டவுடன் யாவரும் எலும்பைப் பற்றியே வினவுவர். எக்ஸ்ரே படத்திற் தெளிவாகத் தோன்றுவதும் எலும்பே. ஆயினும் முழங்காலை அடுத்த முறிவுகளிற் காலின் கதியை முடிவு செய்வது பெரும்பாலும் எலும்பன்று. அதனைப் போர்த்தியிருக்கும் தோல், தசை, குருதிக் குழாய், நரம்பு ஆகிய மென்திசுக்களே அதனை முடிவு செய்கின்றன. முறிந்த எலும்பைச் சில நாட்கள் கழித்தும் நேராக்கிப் பொருத்தலாம். குருதி பெறாத தசையோ சில மணி நேரத்தில் மடிந்துவிடும். இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே இக்கால அறுவை மருத்துவ முறைகள் அமைந்துள்ளன. அவற்றின் நெறியையும், மருத்துவமனையை அடையுமுன் செய்யத்தக்கவற்றையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

சாலையும் முழங்காலும்

பெங்களூரு நகர மாவட்டத்தில் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஹெப்பகோடி, ஓசூர்ச் சாலையில் மின்னணு நகரத்துக்கு அடுத்துத் தெற்கே அமைந்துள்ளது. பொம்மசந்திரத் தொழிற்பேட்டை அதனை ஒட்டியுள்ளது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டியே செல்கின்றது. 2010ஆம் ஆண்டில் மின்னணு நகரம் வரை மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரம் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஹெப்பகோடியிலும் ஒரு நிலையம் உண்டு. எனினும் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் பலர் இருசக்கர வண்டிகளிலேயே செல்கின்றனர். அவர்கள் செல்லும் அதே சாலையிற் சரக்கு லாரிகளும் பேருந்துகளும் விரைகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். இறந்தோரில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளிற் சென்றவர்கள். தலைக்கவசம் தலையைக் காக்கும். காலைக் காப்பதற்கு அத்தகைய கவசம் பெரும்பாலோரிடம் இல்லை. வண்டியில் அமர்ந்திருப்பவரின் முழங்கால் வெளியே துருத்தி நிற்கின்றது. எதிரிலோ பக்கத்திலோ வரும் ஊர்தியின் முட்டுத்தகடு ஏறத்தாழ அதே உயரத்தில் அமைந்துள்ளது. ஆதலின் மோதலின் வேகம் முழுவதும் முழங்காலையும் அதன் கீழ்ப்பகுதியையும் தாக்குகின்றது.

இரவு முறை வேலை முடிந்து இச்சாலையில் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சரக்கு வண்டியொன்று பக்கவாட்டில் மோதியதால் அவர் சாலையோரத்தில் வீழ்கின்றார். இடது முழங்காலுக்குக் கீழே கால் வளைந்து கிடக்கின்றது. முன்புறத் தோல் கிழிந்து ஒரு பகுதி உரிந்துபோயிற்று. மண்ணும் எண்ணெயும் படிந்த எலும்பு வெளியே தெரிகின்றது. இவர் மீண்டும் தம் காலால் நடந்து தொழிற்சாலை வாயிலில் நுழைவாரா என்பது, அடுத்துவரும் சில மணி நேரத்திற் பலர் செய்யும் செயல்களைப் பொறுத்தது.

முழங்காலின் அமைப்பு

உடலின் மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. மேலே தொடை எலும்பின் கீழ்முனையும், கீழே கீழ்க்காலின் பெரிய எலும்பாகிய டிபியாவின் மேல்முனையும், முன்னே முழங்காற்சில்லும் கூடி இம்மூட்டை ஆக்குகின்றன. டிபியாவின் மேல்முனை மேடைபோல் அகன்று, குருத்தெலும்பாற் போர்த்தப்பட்டிருக்கின்றது. உடலின் பாரம் இம்மேடையின்மீதே இறங்குகின்றது. அது நொறுங்கி அமிழ்ந்தால் மூட்டின் பரப்பு மேடுபள்ளமாகிக் குருத்தெலும்பு தேய்ந்துபோகும்.

மென்திசுக்களைப் பொறுத்தவரையில் இவ்விடத்திற்குரிய நான்கு இயல்புகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, டிபியாவின் உட்பக்க முன்தளம் தோலுக்கு அடியிலேயே உள்ளது. இடையில் தசை இல்லை. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பின் இதனை எவரும் உணரலாம். ஆதலின் அங்குத் தோல் கிழிந்தால் எலும்பு உடனே வெளிப்படும்.

இரண்டாவது, முழங்காலின் பின்குழியிற் செல்லும் பெருந்தமனி மேலே தொடைத் தசைநாணின் வளையத்திலும், கீழே கெண்டைக்கால் தசையின் வளைவிலும் கட்டுண்டதுபோல் நிற்கின்றது. மூட்டு இடம்பெயரும்போது அது விலகிச் செல்ல இயலாமல் இழுபட்டுக் கிழிகின்றது அல்லது உள்ளே அடைபடுகின்றது.

மூன்றாவது, பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குரிய நரம்பு, சிறிய எலும்பாகிய ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிச் செல்கின்றது. அந்நரம்பு நசுங்கினால் பாதம் தொங்கிவிடும்.

நான்காவது, கீழ்க்காலின் தசைகள் நான்கு அறைகளிற் பிரிந்து கிடக்கின்றன. அவ்வறைகளின் சுவர்கள் விரிந்து கொடுக்காத உறுதியான உறைகள். உள்ளே குருதி கசிந்து வீங்கினால் அழுத்தம் மிகுந்து, நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபட்டுத் தசை மடியும்.

முறிவின் வகையும் காயத்தின் வகையும்

டிபியா மேடையின் முறிவுகளை 1979ஆம் ஆண்டில் டொராண்டோ நகரின் ஜோசஃப் ஷாட்ஸ்கர் ஆறு வகைகளாகப் பிரித்தார். முதல் மூன்றும் மேடையின் வெளிப்பக்கத்தைச் சார்ந்தவை. நான்காவது உட்பக்கத்தைச் சார்ந்தது. ஐந்தாவது இரு பக்கங்களையும் பிளப்பது. ஆறாவதில் மேடை முழுவதும் எலும்புத் தண்டிலிருந்து பிரிந்து நிற்கும். பெரும் வேகத்தால் நேரும் பின்னிரு வகைகளிலேயே மென்திசுக் கேடு மிகுதி.

எலும்பை மட்டும் வகைப்படுத்தினாற் போதாது. போர்வையையும் வகைப்படுத்த வேண்டும். தோல் கிழியாத முறிவை மூடிய முறிவு என்பர். தோல் மூடியிருப்பதால் உள்ளே தீங்கில்லை என்று கொள்ளுதல் பிழை. ஜெர்மனியின் செர்னே என்பார் மூடிய முறிவுகளின் மென்திசுக் காயத்தைச் சுழியம் முதல் மூன்று வரை நான்கு படிகளாக வகுத்தார். மூன்றாம் படியில் தோல் கிழியாமலேயே நசுங்கிக் கீழ்த் தசையும் சிதைந்திருக்கும்.

திறந்த முறிவுகளுக்குரிய வகைப்பாட்டை 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கஸ்டிலோ, ஆண்டர்சன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். காயம் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டுத் தூய்மையாக இருப்பது முதல் வகை. அதனினும் நீண்டு, மென்திசுக் கேடு குறைவாக இருப்பது இரண்டாம் வகை. கேடு மிகுந்திருப்பது மூன்றாம் வகை. 1984இல் மூன்றாம் வகை மீண்டும் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய திசுவால் எலும்பை மூட இயலுமாயின் அது மூன்று-ஏ. மூட இயலாது வேறிடத்துத் திசுவைக் கொணர வேண்டுமாயின் மூன்று-பி. காலைக் காக்கத் தமனியைச் சீர்செய்தே ஆகவேண்டுமாயின் மூன்று-சி. நாம் எடுத்துக்கொண்ட தொழிலாளியின் காயம் மூன்று-பி வகையைச் சேர்ந்தது.

மூடிய முறிவில் காத்திருத்தலின் பயன்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகடும் திருகாணியும் கொண்டு எலும்பைப் பொருத்தும் முறை பரவியபோது, முறிந்தவுடனே வீங்கிய தோலை நடுவே நீளக் கீறி இருபுறமும் தகடு வைக்கும் வழக்கம் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு அழகாகப் பொருந்தியிருக்கும். சில நாட்களிலோ கீறலின் ஓரங்கள் கறுத்து, தையல் விட்டு, தகடு வெளியே தெரியும். சீழ் எலும்புக்குள் இறங்கும். நசுங்கிய தோல் இரண்டாவது காயத்தைத் தாங்காது என்பது இவ்வாறு பட்டறிவால் உணரப்பட்டது.

ஆதலின் இக்காலத்தில் இருநிலை முறை கையாளப்படுகின்றது. முதல் நிலையில் முழங்காலுக்கு மேலே தொடை எலும்பிலும், கீழே டிபியாத் தண்டிலும் ஊசிகள் செலுத்தி, அவற்றை வெளியே உலோகக் கம்பிகளால் இணைத்துவிடுவர். இதனைப் புறச்சட்டம் எனலாம். பின்னர்க் கீறவேண்டிய இடத்திலிருந்து விலகியே ஊசிகளைச் செலுத்த வேண்டும். காலின் நீளமும் நேர்மையும் இச்சட்டத்தால் மீள்கின்றன, எலும்பு முனைகள் அசைந்து தசையைக் குத்துவது நிற்கின்றது, வீக்கம் வடிகின்றது. எலும்புத் துண்டுகள் ஓரளவு இழுபட்டு இடத்துக்கு வந்த பின்னரே சி.டி. படம் எடுப்பர், அப்பொழுதுதான் துண்டுகளின் அமைப்புத் தெளிவாகும்.

வீங்கிய தோலிற் கொப்புளங்கள் எழுவது உண்டு. தெளிந்த நீர் நிறைந்த கொப்புளம் மேற்றோலின் கேட்டைக் காட்டும். குருதி கலந்த கொப்புளம் அதனினும் ஆழ்ந்த கேட்டைக் காட்டும். அவ்விடத்திற் கீறுதல் தகாது. தோலில் மீண்டும் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றுவதே இரண்டாம் நிலைக்கு ஏற்ற காலத்தின் அறிகுறி. இதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். சிலருக்கு மேலும் சில நாட்கள் வேண்டும். மூன்று வாரத்துக்கு மேற் சென்றால் புதிய எலும்பு வளரத் தொடங்குவதால் துண்டுகளை அசைத்துப் பொருத்துதல் கடினமாகும்.

இரண்டாம் நிலையில், நடுவே ஒரே பெருங்கீறலுக்கு மாறாக, முன்-வெளிப்பக்கத்தில் ஒன்றும் பின்-உட்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு கீறல்கள் இடுவர். இடையிலுள்ள தோல் தன் குருதியோட்டத்தை இழக்காதபடி அவற்றிற்கிடையே போதிய அகலம் விடுவர். அமிழ்ந்த மேடையைத் தூக்கி, அடியிலுள்ள வெற்றிடத்தை எலும்புத் துகளால் நிரப்பித் தகடு பொருத்துவர்.

தோல் மிகவும் கெட்டவிடத்துத் தகட்டிற்கு மாறாக வளையச் சட்டமும் பயன்படும். சைபீரியாவின் குர்கான் நகரில் 1951ஆம் ஆண்டையொட்டி இலிசரோவ் உருவாக்கிய முறை இது. மெல்லிய கம்பிகளை எலும்பினூடே செலுத்தி, அவற்றை இறுக்கி வெளிவளையங்களிற் பூட்டுவதே இதன் அமைப்பு. கனடா நாட்டு மருத்துவர்கள் 82 நோயாளிகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2006இல் ஆய்வு வெளியிட்டனர். எலும்பின் பொருத்தம் இரண்டிலும் ஏறத்தாழ ஒத்திருந்தது; வளையச் சட்டம் பெற்றோர் மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறைவு; கடுமையான சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவாகவே நேர்ந்தன.

திறந்த முறிவில் விரைவின் பயன்

திறந்த முறிவின் நெறி வேறு. மூடிய முறிவில் தோல் தேறும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த முறிவிலோ அழுக்கையும் மடிந்த திசுவையும் விரைவில் அகற்ற வேண்டும். மருத்துவமனையை அடைந்தவுடன், இயன்றவரையில் ஒரு மணி நேரத்துக்குள், உயிரெதிரி மருந்தை நாளத்தின் வழியே செலுத்துவர். இசிவு நோய்க்குரிய தடுப்பூசியும் இடுவர். காயத்தைப் படமெடுத்து, உப்பு நீரில் நனைத்த துணியால் மூடிவிடுவர். ஒவ்வொருவரும் திறந்து பார்ப்பது கிருமிகளை வரவேற்பதாகும்.

அறுவைக்கூடத்தில் முதற்செயல் கழுவுதல். எதனாற் கழுவுவது என்னும் வினாவை இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. 2,447 நோயாளிகளின் முடிவுகள் 2015இல் வெளியாயின. மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சுவதாற் சிறப்பான பயன் இல்லை. சோப்புக் கரைசலாற் கழுவப்பட்டோருக்கு மறு அறுவை மிகுதியாக வேண்டியிருந்தது. எளிய உப்பு நீரைத் தாழ்ந்த அழுத்தத்தில் நிறைய ஊற்றிக் கழுவுவதே போதுமானது.

அடுத்து மடிந்த திசுவை அறுத்து நீக்குவர். தசை உயிருள்ளதா என்பதை நான்கு குறிகளால் அறியலாம்: நிறம் சிவந்திருத்தல், தொட்டால் உறுதியாக இருத்தல், கிள்ளினாற் சுருங்குதல், வெட்டினாற் குருதி கசிதல். இவை இல்லாத தசை கிருமிகளுக்கு உணவாவதன்றி வேறு பயன் தராது. தசைத் தொடர்பற்றுத் தனித்துக் கிடக்கும் எலும்புத் துண்டுகளையும் பெரும்பாலும் நீக்கிவிடுவர். மூட்டின் பரப்பைத் தாங்கும் துண்டுகளை மட்டும் இயன்றவரை காத்துக்கொள்வர்.

பின்னர் எலும்பை நிலைநிறுத்தி, வெளிப்பட்ட இடத்தைக் குருதியோட்டமுள்ள திசுவால் மூட வேண்டும். முழங்காலிலும் டிபியாவின் மேல் மூன்றிலொரு பகுதியிலும் இதற்கு மிகவும் ஏற்றது கெண்டைக்கால் தசை. அதன் உள்தலை வெளித்தலையைவிட நீண்டது. ஒவ்வொரு தலைக்கும் முழங்காற்குழியிலிருந்து தனித்த தமனி ஒன்று வருவதால், கீழ்முனையை அறுத்து மேல்முனையிற் குருதிக் குழாயோடு அப்படியே விட்டுத் தசையை முன்புறம் திருப்பி எலும்பின்மேற் போர்த்தலாம். இதனைத் தசைமடல் எனலாம். அதன்மேல் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டுவர். கெண்டைக்காலின் மற்றத் தசைகள் எஞ்சியிருப்பதால் நடையில் பெருங்குறை நேர்வதில்லை.

மூடுவதற்குரிய காலத்தைப் பற்றி யுகோஸ்லாவியாவின் லூப்லியானா நகர மருத்துவர் மார்கோ கோடினா 532 நோயாளிகளை ஆராய்ந்தார். உடலின் வேறிடத்திலிருந்து குருதிக் குழாயோடு எடுத்து ஒட்டிய திசுமடல்களைப் பற்றியது அவ்வாய்வு. 72 மணி நேரத்துக்குள் மூடப்பட்டோரில் மடல் கெட்டது 0.75 விழுக்காடே, சீழ் பிடித்தது 1.5 விழுக்காடு. 72 மணி நேரம் கழிந்து மூன்று மாதத்துக்குள் மூடப்பட்டோரில் மடல் கெட்டது 12 விழுக்காடு. சீழ் பிடித்தது 17.5 விழுக்காடு. இவ்வாய்வு வெளியான 1986ஆம் ஆண்டிலேயே கோடினா மோட்டார் விபத்தொன்றில் உயிரிழந்தார். அவருடைய 72 மணி நேர வரம்பு இன்றும் பல நாடுகளின் மருத்துவ நெறிமுறைகளில் இடம்பெறுகின்றது.

தமனியும் அழுத்தமும்

இரண்டாம் உலகப் போரில் முழங்காற்குழித் தமனி அறுந்தவர்களுக்கு அதனைக் கட்டிவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. 1946இல் டிபேக்கி, சிமியோன் ஆகியோர் வெளியிட்ட அமெரிக்கப் படையின் கணக்கில், அவர்களுள் 72.5 விழுக்காட்டினர் காலை இழந்தனர். தமனியைத் தைத்து இணைக்கும் முறை வளர்ந்தபின் வியட்நாம் போரில் அவ்விழப்பு ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்தது. தசை குருதியின்றி ஏறத்தாழ ஆறு மணி நேரமே தாங்கும் என்பதால், இன்றும் இவ்விழப்பை முற்றும் நீக்க இயலவில்லை. பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித் துடிப்பைப் பார்ப்பது இதனாலேயே இன்றியமையாதது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் குறையுமாயின், தமனியைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

தசையறைகளின் அழுத்தம் மற்றோர் இடர். காயத்துக்கு ஒவ்வாத கடும் வலி, கால்விரலைப் பிறர் அசைத்தாலே வலி மிகுதல், கெண்டைக்கால் கல்போல் இறுகுதல் ஆகியவை அதன் முதற்குறிகள். நாடித் துடிப்பு இருக்கின்றது என்று அமைதி கொள்ளலாகாது. துடிப்பு மறைவது மிகவும் பிந்திய குறி. இதயம் விரியும்போதுள்ள இரத்த அழுத்தத்துக்கும் தசையறையின் அழுத்தத்துக்கும் இடையே 30 மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாடே இருப்பின், நான்கு அறைகளின் உறைகளையும் உடனே கீறித் திறக்க வேண்டும்.

கோயம்புத்தூர்க் கணக்கு

கடுமையான திறந்த முறிவில் காலைக் காப்பதா, நீக்குவதா என்னும் முடிவு மருத்துவருக்கும் அரிது. இவ்வகையிற் பெரும்பயன் தந்த பணி கோயம்புத்தூரில் நிகழ்ந்தது. 1978இல் நிறுவப்பட்ட கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் இராஜசேகரனும் ஒட்டறுவை மருத்துவர் இராஜா சபாபதியும் தம் குழுவினருடன் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். இரு துறையினரும் முதல் அறுவையிலேயே உடனிருந்து திட்டமிடுதல் அங்குள்ள நடைமுறை. மூன்று-ஏ வகையில் 42, மூன்று-பி வகையில் 67, ஆக 109 டிபியாக் காயங்களை ஆராய்ந்து 2006இல் அம்முறையை வெளியிட்டனர்.

தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றுக்கும் கேட்டின் அளவுக்கேற்ப ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. இவையன்றி ஏழு துணைக் காரணங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்: முதல் அறுவைக்குமுன் 12 மணி நேரத்துக்கு மேல் கழிதல், சாக்கடை அல்லது தொழுவ அழுக்குப் படிதல், வயது 65க்கு மேற்படுதல், மருந்து வேண்டும் நீரிழிவு, இதய நோய் அல்லது நுரையீரல் நோய், உடலின் பிற பகுதிகளிற் கடுங்காயம், இரத்த அழுத்தம் 90க்குக் கீழ் இறங்குதல், அதே காலில் மற்றொரு பெருங்காயம் அல்லது தசையறை அழுத்தம். மொத்தம் 29. மதிப்பெண் 14க்கு மேற்படாவிடில் காலைக் காக்க முயலலாம். 17ஐ எட்டினால் நீக்குவதே நலம். 15, 16 ஆகியவை நன்கு ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய இடைநிலை.

இனி ஹெப்பகோடித் தொழிலாளியின் காயத்தைக் கணக்கிடுவோம். முறிவின்மேலேயே தோல் போயிற்று, அதற்கு நான்கு. எலும்புக்கு மூன்று, தசைக்கு மூன்று எனக் கொள்வோம். மொத்தம் 10, கால் காக்கத்தக்கது. ஆனால் குருதிப் பெருக்கை நிறுத்துவாரின்றி இரத்த அழுத்தம் வீழ்ந்தால் 12. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அலைந்து 12 மணி நேரம் கழிந்தால் 14. வீங்கிய காலை இறுகக் கட்டியதால் தசையறை அழுத்தமும் சேர்ந்தால் 16. விபத்தின்போது இருந்த காயம் மாறவில்லை. பின்னர் நேர்ந்தவையே ஆறு மதிப்பெண்ணைக் கூட்டிக் காலை ஐயநிலைக்குக் கொணர்ந்தன. இவ்வாறு மதிப்பெண்ணும் அறுவைக்கூடத்துக்கு வெளியிலேயே சேர்ந்தவை என்பதைக் களப்பணியாளர் உள்ளத்திற் கொள்ள வேண்டும்.

மருத்துவமனையை அடையுமுன் செய்யத்தக்கவை

1. பாதுகாப்பான இடத்தில் வைத்து, 108 எண்ணுக்குச் செய்தி தருக. மூச்சும் உணர்வும் உள்ளனவா என்பதை முதலிற் காண்க.

2. குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க. அழுத்தியும் நில்லாது உயிருக்கு இடர் நேருமாயின் மட்டும் தொடையைச் சுற்றி அகன்ற இறுக்குப் பட்டை கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க.

3. காப்பித்தூள், மஞ்சள், மை, எண்ணெய் முதலியவற்றைக் காயத்தில் இடலாகாது. வெளிவந்த எலும்பை உள்ளே தள்ளவும் கூடாது. தூய துணியால் மூடுக.

4. மெட்டி, கொலுசு, காலணி ஆகியவற்றை வீக்கம் பெருகுமுன் கழற்றுக.

5. இடுப்பு முதல் பாதம் வரை நீளும் சிம்பு வைத்துக் கட்டுக. மரப்பலகையோ மூங்கிலோ போதும். இடையில் துணி மெத்தை வேண்டும். கட்டு காலை அசையாமல் நிறுத்தினாற் போதும்; விரல்கள் குளிர்ந்து வெளுக்குமாயின் உடனே தளர்த்துக. முதல் உலகப் போரில் தாமஸ் சிம்பு புகுத்தப்பட்டதால் தொடை எலும்பு முறிந்த போர்வீரரின் இறப்புப் பெரிதும் குறைந்தது.

6. விரல்களின் நிறம், உணர்வு, அசைவு, பாதத்தின் துடிப்பு ஆகியவற்றை நேரத்துடன் குறித்து மருத்துவரிடம் தருக.

7. மயக்க மருந்து வேண்டியிருக்குமாதலின் உணவும் பானமும் கொடுக்கலாகாது.

8. எலும்பு, ஒட்டறுவை, குருதிக் குழாய் ஆகிய மூன்று துறைகளும் உள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டு செல்க.

உதவி செய்வோர் சட்டத் தொல்லைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நன்னோக்கோடு உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. அவர் தம் பெயரைத் தெரிவிக்குமாறு வற்புறுத்தலாகாது. சிகிச்சைச் செலவுக்கு 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாள் முதல் ஏழு நாள் வரை ஒருவருக்கு ரூ. 1,50,000 வரை பணமின்றிச் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கின்றது.

அறுவைக்குப் பின்

எலும்பு பொருந்திப் புண் ஆறியதோடு பணி முடிவதில்லை. அசையாதிருக்கும் முழங்கால் விரைவில் விறைத்துவிடும். ஆகவே மருத்துவர் இசைவு பெற்றவுடன் மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். மேடை முறிவில் தகடு பொருத்தியோர் பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வாரம் வரை முழுப் பாரத்தையும் அக்காலில் இறக்கலாகாது. புகைபிடித்தல் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கி எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். அதனை அறவே விடுதல் வேண்டும். நீரிழிவு உடையோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். சட்டத்தின் ஊசித் துளைகளை நாள்தோறும் தூய்மை செய்யுமாறு வீட்டாருக்குக் கற்பிப்பது களப்பணியாளரின் கடமை. காய்ச்சலோ, துளையில் நீர்க்கசிவோ, புதிதாக வலியோ தோன்றினால் மறுநாள் வரை பொறுத்திராது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஊன்றுகோலுடன் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு வருவாய் இன்றிப் போகின்றது, மனமும் தளர்கின்றது. பயிற்சியை இடையில் விடுவோர் பலர் இந்நிலையிலேயே விடுகின்றனர். அவரை அவ்வப்போது சென்று கண்டு, மடக்கும் அளவைக் குறித்து, முந்திய வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஊக்கம் பிறக்கும்.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. டிபியாவின் முன்புறத்தில் நேரும் முறிவு எளிதில் திறந்த முறிவாவது ஏன்?

2. மூடிய முறிவில் அறுவையைத் தள்ளிவைப்பதும், திறந்த முறிவில் விரைந்து செய்வதும் ஒன்றுக்கொன்று முரண் ஆகாதவாறு விளக்குக.

3. பாதத்தில் துடிப்பு இருந்தும் தசையறை அழுத்தம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் குறிகள் யாவை?

4. கோயம்புத்தூர் மதிப்பெண் முறையில், மருத்துவமனையை அடையுமுன் தடுக்கத்தக்க காரணங்கள் எவை?

5. இரு மாணவர் சேர்ந்து, ஒருவர் காலுக்கு மற்றவர் மூங்கிற் சிம்பு கட்டுக. கட்டிய பின் விரல்களின் நிறத்தையும் பாதத்தின் துடிப்பையும் பார்த்துக் குறிப்பு எழுதுக.